டி.வி.யில் கம்பவுண்டர் பாடிய சாயங்காலம்

மனிதர்கள் கைதட்டிய கலைஞர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. மாடு தும்பை அறுத்துக்கொண்டு ஓடிவந்து ரசித்த கலைஞர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் இருந்தார். நான் அவருடன் ஒரே அறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன். அதற்குப் பிறகும் எனக்குக் காது சரியாகக் கேட்கிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

அவர் பெயரைச் சொன்னால் விழுப்புரத்தில் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர். உண்மையில் மாட்டாஸ்பத்திரியில் மாட்டைப் பிடித்துக்கொள்வதும், டாக்டருக்கு ஊசி எடுத்துக் கொடுப்பதும்தான் அவர் உத்தியோகம். அரசாங்கம் தராத பதவி உயர்வை ஊர் ஜனங்களே பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக நான் அந்த ஊருக்கு வந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்து லாட்ஜில், இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டில் காலி என்றார்கள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆடு கத்தியது. ஒன்று அல்ல, தாயும் குட்டியுமாக இரண்டு. பெட்டியோடு கீழே இறங்கி மேனேஜரிடம் சொன்னேன்.

"சார், அந்த ரூம்ல யாரோ ஆடு கட்டியிருக்காங்க."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆடா? அப்ப இன்னிக்கு வியாழக்கிழம. நாளைக்கு எரும. அதான் கொஞ்சம் பேஜாரு. ஞாயித்துக்கிழம லீவு, நல்லா தூங்கலாம்."

மறுபடி மேலே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் ஒல்லியாக, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையுடன், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். "வாங்க சார். குட்டி கொரலு கேட்டுச்சா? நல்லா இருந்துச்சா?" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அன்று மாலை ஓட்டலில் தோசை சாப்பிடும்போது தன் திட்டத்தைச் சொன்னார். "மொதல்ல மேடை சார். அப்புறம் பாட்டு. அப்புறம் டீவி." விக்கிரவாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு என்று பஸ் நிற்கும் ஊர்களைச் சொல்வதுபோல அத்தனை உறுதியாகச் சொன்னார். ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, இனி வண்டி போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி.

மாட்டுக் குரலை அவர் வேலையில்தான் கற்றுக்கொண்டார். வெறும் "அம்மா" என்று கத்துகிறவர்களை அவர் மதிப்பதில்லை. "பசிக்கு கத்தறது மூக்குல வரும் சார். கன்னத் தேடி கத்தறது அடிவயித்துலேர்ந்து வரும். பால் கறக்காம வுட்டுட்டா ஒரு கத்து கத்தும் பாருங்க, அது ரெண்டுக்கும் நடுவுல." பிறகு அந்த மூன்றையும் ஓட்டலிலேயே செய்து காட்டினார். பக்கத்து மேஜைக்காரர் காபியை வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாடு கறக்க மறந்துவிட்டதாம்.

முதல் திட்டமான மேடைக்கு வழி என் மூலமாகத்தான் கிடைத்தது. எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். கதை, வசனம், டைரக்‌ஷன், கதாநாயகன் எல்லாம் அவரே. அந்த வருஷ நாடகத்தில் ஏழை விவசாயி தன் பசுவை விற்கும் காட்சி ஒன்று உண்டு. மேடையில் மாட்டை ஏற்ற முடியாது. திரைக்குப் பின்னால் சத்தம் மட்டும் வேண்டும். நான் கம்பவுண்டரை அழைத்துப் போனேன்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முதல் நாடகம். ஹெட்கிளார்க் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "உன்னை எப்படி விற்பேன், என் செல்வமே" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அடிவயிற்றிலிருந்து. பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கைதட்டலில் ஹெட்கிளார்க்கின் அடுத்த நாலு வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அந்த நாலும்தான் அவருக்குப் பிடித்த வசனங்கள்.

"ஒரு தடவ கத்தினா போதும்" என்று ஹெட்கிளார்க் கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த நாடகம் திண்டிவனத்தில். கம்பவுண்டர் ஒரு தடவைதான் கத்தினார். ஆனால் நிறுத்தவில்லை. வசனம் முழுக்க அந்தப் பசு மெல்ல முனகிக்கொண்டே இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு விவசாயி எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"யோவ், வெளியாளுக்கு எதுக்கு விக்கிற? எங்கிட்ட குடு. நான் வெச்சி பாத்துக்கறேன்."

"இது நாடகம்ங்க" என்றார் ஹெட்கிளார்க்.

"அது உனுக்கு. மாட்டுக்கு இன்னா தெரியும்?"

அடுத்த வாரம் ஹெட்கிளார்க் கதையை மாற்றிவிட்டார். இனிமேல் விவசாயி பசுவை விற்க மாட்டான், ஏர்க்கலப்பையை விற்பான். கலப்பை கத்தாது. கம்பவுண்டர் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. "மேடை முடிஞ்சிது சார். இனிமே பாட்டு" என்றார்.

திண்டிவனத்தில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்த வாத்தியார் ஒருவர், கல்யாண வரவேற்புகளுக்கென்று ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவரைப் போய்ப் பார்த்தோம். இரண்டு பாட்டுக்கு நடுவே பத்து நிமிஷம் பலகுரல் செய்ய ஆள் வேண்டும் என்று அவரும் தேடிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் ஒரு நிபந்தனை போட்டார். "நான் ஒரு பாட்டும் பாடணும் வாத்தியாரே."

பாடச் சொன்னார். பாடினார். வாத்தியார் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஏன்யா, மாடா கத்தும்போது சுதி சுத்தமா சேருது. மனுசனா பாடும்போது மட்டும் எங்கியோ போயிடுதே. இன்னா சமாச்சாரம்?"

கம்பவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாடுன்னா அது மாடு வாத்தியாரே, எனுக்கு ஒண்ணும் இல்ல. நானா பாடணும்னா கூச்சமா இருக்குது."

மூன்று வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே ரகசியம் அது. திரைக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கு, முன்னால் வந்து நிற்க எத்தனை ஆசையோ அத்தனை பயமும் இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாத்தியார் நல்ல மனிதர். ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் கன்றுக்குட்டியாகக் கத்திச் சுருதியைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு, விடாமல், அதற்குள் ஒவ்வொரு வார்த்தையாக நுழைக்க வேண்டும். அன்று முதல் லாட்ஜில் வியாழக்கிழமை ஆடும் வெள்ளிக்கிழமை எருமையும் ரத்தாகித் தினமும் பாட்டு என்றானது. மூன்று மாதத்தில் பல்லவி மனுஷன் ஆகிவிட்டது, சரணம் இன்னும் மாடாகவே இருந்தது. லாட்ஜில் இருவர் காலி செய்தார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, "பழைய எருமையே தேவலை சார்" என்றார். ஞாயிறு தவறாமல் திண்டிவனம் பஸ் ஏறினார் கம்பவுண்டர். காய்ச்சல் வந்த ஞாயிறும் போனார். பாட்டு வரவில்லை, இருமல் வந்தது. அந்த இருமல் சுருதியில் இருந்ததாக வாத்தியார் சொன்னாராம். திரும்பி வந்து அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். வானூர்ப் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். கம்பவுண்டர், அவருடைய சித்தி, துணைக்கு நான். பெண்ணின் அப்பா கறாரான மனிதர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்பார். அரசாங்க உத்தியோகம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். தாம்பூலத் தட்டு வந்தது. பெண் வந்து நின்றது. பெயர் தனம். சித்தி வழக்கம்போல, "பாப்பா ஒரு பாட்டு பாடட்டுமே" என்றார்.

"எனுக்குப் பாட வராது" என்றாள் தனம். "அவருதான் ஏதோ கத்துக்கினு இருக்காராமே. அவர பாடச் சொல்லுங்க."

கம்பவுண்டருக்குப் பொய் வராது. "பாட்டு இன்னும் பாதிதாங்க வருது. கன்னுக்குட்டி வேணா முழுசா வரும்" என்றார். பெண்ணின் அப்பா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு, தாயைக் காணாத கன்றாக ஒரு குரல் கொடுத்தார்.

வீட்டுப் பின்பக்கம் கன்று போட்டுப் பத்து நாளான பசு ஒன்று கட்டியிருந்தது. முதலில் தும்பு அறுகிற சத்தம். பிறகு சமையல்கட்டில் பாத்திரங்கள் விழுகிற சத்தம். பிறகு பசுவே வந்தது. தாம்பூலத் தட்டு ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். பசு நேரே வந்து கம்பவுண்டர் முன்னால் நின்று, எண்ணெய் தடவிப் படிய வாரிய அந்தத் தலையை நக்க ஆரம்பித்தது. அவர் அசையாமல் நக்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, எம்மாட்டக் கெடுக்க வந்தீங்களா?" என்றார் அப்பா. "எழுந்திருங்க. ஜல்தியா கெளம்புங்க."

பஸ்ஸில் திரும்பும்போது கம்பவுண்டர், "பொண்ணு சிரிச்சிது சார். பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை, நான் சித்தியைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து வானூரிலிருந்து ஆள் வந்தது. தனம் பிடிவாதமாக நின்றுவிட்டாளாம். "நம்ம மாடு அசலார் யாரையும் கிட்ட சேக்காது. அவர சேத்துக்கிச்சி. எனுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டாளாம். கல்யாணம் நடந்தது. அப்பா வந்தார், தாரை வார்த்தார், சாப்பிட்டார். மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு மகள் வீட்டுப் படியும் ஏறவில்லை. ஊரில் யாராவது விசாரித்தால், "அந்த ஆளு நல்லாத்தான் கீறான்" என்பாராம்.

கல்யாணமான நாலாவது மாதம் திண்டிவனத்தில் ஒரு வரவேற்பில் கம்பவுண்டர் முதன்முதலாக மனிதக் குரலில் முழுப் பாட்டுப் பாடினார். சரணம் உட்பட. குரல் நடுங்கவில்லை. நாலு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி தனம், ஒருவன் நான், ஒருவர் ஆர்மோனியம் வாத்தியார்.

"நாலாவது ஆளு யாருன்னு தெரியல சார்" என்றார் கம்பவுண்டர் சந்தோஷமாக. "வெளியாளு. நமக்குச் சொந்தம் இல்ல, பந்தம் இல்ல."

அடுத்தது டி.வி. சென்னை நிலையத்துக்குப் போஸ்ட் கார்டு எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும் என்பதால் தனம்தான் எழுதுவாள். பதினொன்றாவது கார்டுக்குப் பதில் வந்தது. விவசாயிகள் நிகழ்ச்சியில் கோமாரி நோய் பற்றி ஒரு சின்ன நாடகம். நோய் கண்ட மாட்டுக்குக் குரல் வேண்டுமாம். போனார், செய்தார், திரும்பினார்.

"மூஞ்சி வராதா சார்னு கேட்டேன்" என்றார் என்னிடம். "வரும், மாட்டு மூஞ்சின்னாரு."

கல்யாணத்துக்குப் பிறகு கம்பவுண்டர் லாட்ஜ் இருந்த தெருவிலேயே வீடு பிடித்திருந்தார். அப்போது எங்கள் தெருவில் ரைஸ்மில்காரர் வீட்டில்தான் டி.வி. இருந்தது. தென்னை உயரத்துக்கு ஆன்டெனா. சென்னையிலிருந்து படம் விழுப்புரம் வந்து சேர்வதற்குள் பாதி புள்ளியாகிவிடும். தெருவே அவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது. திரையில் எலும்பும் தோலுமாக ஒரு மாடு வந்தது, வாய் திறந்தது, கம்பவுண்டர் குரல் வந்தது. எல்லாரும் கைதட்டினோம். பின்னாலிருந்து ஒரு பாட்டி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், கம்பவுண்டரு எப்டி எளச்சிட்டாரு" என்றாள்.

தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை என்று தனம் சொன்னாள். மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். தனம் பன்னிரண்டாவது கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஐயா, அடியேனுக்குப் பாடவும் வரும்னு போடு. மூஞ்சியும் ஒண்ணும் மோசம் இல்லன்னு போடு."

"அது வாணாம், நானே எப்டி எழுதறது?" என்றாள் அவள். கடைசியில் எழுதினாள்.

கார்டு எண்ணிக்கை முப்பதைத் தாண்டியபோது கூப்பிட்டார்கள். அதே விவசாயிகள் நிகழ்ச்சி; ஒரு உழவுப் பாட்டு, நடுவே கொஞ்சம் மாடு கன்று சத்தம். ஏழு நிமிஷம். முழுக்க அவர் முகம். போய்ப் பாடிப் பதிவுசெய்துவிட்டு வந்தார். ஒளிபரப்பு ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஆறரைக்கு. தனம் வானூருக்குக் கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. புதன்கிழமை காற்றும் சேர்ந்துகொண்டது. ஐந்தரை மணிக்கு ரைஸ்மில்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. ஆறு மணிக்கு எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்து, ஊர் முழுக்கக் கரெண்ட் போனது. அரிக்கேன் விளக்கை ஏற்றி டி.வி. மேலேயே வைத்தார்கள். வரும், வரும் என்று உட்கார்ந்திருந்தோம். கம்பவுண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆரம்பிச்சிட்டாங்க" என்றார்.

இருட்டான அந்தக் கண்ணாடியையே எல்லாரும் பார்த்தோம். சற்று நேரம் கழித்து, "இப்ப ரெண்டாவது சரணம்" என்றார். பிறகு, "கன்னு வந்திருக்கும்."

ரைஸ்மில்காரருக்கு மனசு கேட்கவில்லை. "கம்பவுண்டரே, அதான் நேர்ல இருக்கறீங்களே. எழுந்து நின்னு பாடுங்களேன், கேக்கறோம்" என்றார்.

கம்பவுண்டர் தலையசைத்தார். "அங்க பாடிக்கினு இருக்கேங்க. இங்கயும் எப்டி பாடறது?"

ஆறு மணி முப்பத்தேழு நிமிஷத்துக்கு, "முடிஞ்சிது" என்று சொல்லி எழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது. அவர் கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தார். வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள அப்போது எங்களில் யாருக்கு வசதி? வந்தது வந்ததுதான், போனது போனதுதான். டி.வி.யில் பாடிவிட்டார், ஆனால் தான் பாடியதை அவர் பார்க்கவில்லை, தனம் பார்க்கவில்லை, தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது. அப்போது வாசலில் குடை மடக்கும் சத்தம். வேட்டி முழங்கால்வரை நனைந்து, தனத்தின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"திண்டிவனத்துக்கு மூக்கணாங்கயிறு வாங்கப் போனேன்" என்றார், யாரும் கேட்காமலேயே. வானூரில் கிடைக்காத மூக்கணாங்கயிறு எது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் கயிறும் இல்லை. "மழ புடிச்சிக்கிச்சி. மண்டிக்காரர் வீட்ல ஒதுங்கினேன். அங்க டீவி ஓடிக்கினு இருந்துச்சி. அந்த ஊர்ல கரெண்ட் போகல."

கம்பவுண்டர் எழுந்து நின்றார். தனம்தான் கேட்டாள்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசா பாக்காம? வெள்ள சட்ட. காலரு ஒரு பக்கம் மடங்கிக்கினு இருந்துச்சி. அங்க இருக்கறவன் ஒருத்தனும் சொல்லல போல."

"நான் எப்டி நின்னேன் மாமா?" என்றார் கம்பவுண்டர்.

பெரியவர் யோசித்தார். வாயால் சொல்லத் தெரியவில்லை. குடையை மூலையில் வைத்துவிட்டு நடுவீட்டில் போய் நின்றார். "இப்டி. நேரா. மொதல்ல கை ரெண்டும் தொங்கிக்கினு இருந்துச்சி. ரெண்டாவது தபா பாடும்போது இந்தக் கை மேல வந்துச்சி. இதோ, இம்மாந் தூரம்." கையைத் தூக்கிக் காட்டினார். "கண்ணு நேரா என்னையே பாத்துச்சி."

"பாட்டு மாமா?"

பெரியவர் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தார். ஆயுளில் ஒரு தாலாட்டுகூடப் பாடாத தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த உழவுப் பாட்டில் நினைவிருந்த இரண்டு வரியைப் பாடினார். சுருதி விழுப்புரத்தில் இல்லை, திண்டிவனத்திலும் இல்லை. பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வார்த்தை வராத இடத்தில், "இங்க கன்னு கொரலு" என்று சொல்லிவிட்டு, அதையும் செய்து காட்டினார். எந்தக் கன்றும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. கை கட்டி நின்று, ஒரு அசைவு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு தபா மாமா" என்றார்.

பெரியவர் மூன்று தடவை செய்தார்.

அன்று நான் ஆபீசுக்கு மத்தியானம்தான் போனேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்கிற இடத்தில் பேனாவை வைத்துச் சற்று நேரம் யோசித்தேன். பிறகு 'குடும்ப விசேஷம்' என்று எழுதினேன்.